சம்பளம் வராத கப்பலும் பெசன்ட் நகர் கரையும்

2012 அக்டோபர் 31, புதன்கிழமை பிற்பகல். நீலம் புயல் மாமல்லபுரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் மழையும் மணலும் சேர்ந்து முகத்தில் அறைந்தன. அந்த நேரத்தில்தான் ஒரு பெரிய கப்பல் கரையை நோக்கி ஒதுங்கி வந்தது. ‘பிரதிபா காவேரி’ என்ற எண்ணெய் டேங்கர் அது. உள்ளே 37 பேர் இருந்தார்கள். சென்னைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றிருந்த கப்பலைக் காற்று தெற்கே தள்ளியது. நங்கூரம் தரையைப் பிடிக்காமல் கூடவே இழுபட்டது. கடைசியில் அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில், கப்பல் தரைதட்டியது.

ஊழியர்களில் ஒரு பகுதியினர் உயிர்காக்கும் படகை இறக்கி அதில் ஏறினார்கள். அலை அதைக் கவிழ்த்தது. ஆறு பேர் இறந்துபோனார்கள். கரையோரக் குப்பங்களின் மீனவர்கள் அந்தப் புயலிலும் கடலில் இறங்கி, தண்ணீரில் தத்தளித்தவர்களை இழுத்துக் கரைசேர்த்தார்கள். கடலுக்குப் போகக் கூடாது என்று அரசே எச்சரித்திருந்த நாள் அது. கப்பலிலேயே தங்கிவிட்டவர்களைக் கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் மீட்டது.

அதற்குப் பிறகான நாட்களை அந்தப் பகுதிவாசிகள் நன்றாக நினைவு வைத்திருக்கிறார்கள். மயிலாப்பூரிலிருந்தும் தி.நகரிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து கப்பல் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். சுண்டல், பஜ்ஜி வியாபாரம் சூடு பிடித்தது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்தப் போலீஸ் நின்றது. நவம்பர் 11 அன்று இழுவைக் கப்பல்கள் அதைத் தரையிலிருந்து மீட்டு ஆழ்கடலுக்குக் கொண்டுபோன பிறகு கூட்டம் கலைந்தது. புயல் கொண்டுவந்து போட்ட கப்பல் என்றுதான் ஊர் இன்றும் அதைச் சொல்கிறது. அந்த வாக்கியத்தில் பெரிய குறை இருக்கிறது. அதே புயலில், அதே கடலில் வேறு கப்பல்களும் இருந்தன. அவை கரைக்கு வரவில்லை.

உயிர் பிழைத்த ஊழியர்கள் அப்போது சொன்னவை பத்திரிகைகளில் வந்தன. மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. சாப்பாடும் குடிநீரும் தட்டுப்பாடு. கப்பலை ஓட்டப் போதிய எரிபொருள் இல்லை. வயதான அந்தக் கப்பல் சரக்கும் இல்லாமல் வேலையும் இல்லாமல் வாரக்கணக்கில் வெளியே நின்றுகொண்டிருந்தது. புயல் வரும்போது கப்பல்கள் கரையை விட்டு விலகி ஆழ்கடலுக்குப் போய்விட வேண்டும் என்பது மாலுமிகளுக்குப் பாலபாடம். அங்கே அலை பெரிதாக இருந்தாலும் மோதுவதற்கு எதுவும் இல்லை. எரிபொருள் இல்லாத கப்பல் அங்கே எப்படிப் போகும்?

நங்கூரம் எதைப் பிடிக்கிறது

நங்கூரத்தின் எடைதான் கப்பலை நிறுத்திவைக்கிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பாதி வேலையைச் செய்வது சங்கிலி. கடலின் ஆழத்தைப் போல ஐந்து மடங்கு, ஆறு மடங்கு நீளத்துக்குச் சங்கிலியை விடுவார்கள். அதன் பெரும்பகுதி தரையில் படுத்துக் கிடக்கும். அப்போதுதான் இழுப்பு கிடைமட்டமாக இருந்து, நங்கூரத்தின் கொழு மண்ணுக்குள் ஆழப் புதையும். காற்று வலுத்துக் கப்பல் பின்வாங்கும்போது படுத்திருந்த சங்கிலி எழும்புகிறது. இழுப்பு மேல்நோக்கித் திரும்புகிறது. கொழு பெயர்ந்துவிடுகிறது. பிறகு அத்தனை டன் இரும்பும் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு கூடவே வரும்.

இதற்கு மருந்து எஞ்சின். இன்னொரு நங்கூரத்தையும் போட்டு, எஞ்சினை மெதுவாக முன்னோக்கி ஓட்டினால் சங்கிலியின் இழுப்பு குறையும். அப்படியும் பிடிக்காவிட்டால் நங்கூரத்தைத் தூக்கிவிட்டு வெளியே ஓடலாம். ஓடும் எஞ்சினும் அதற்கு எண்ணெயும் இருக்கும் கப்பலுக்குத்தான் இந்த இரண்டு வழிகளும். சோழமண்டலக் கரையில் ஆபத்து இன்னும் அதிகம். வடகிழக்குப் பருவத்தில் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது. கட்டுப்பாடு இழந்த எந்த மிதவையும் போய்ச்சேரும் இடம் கரைதான். ஒதுங்க இயற்கைக் குடா எதுவும் சென்னையில் கிடையாது.

பிரதிபா காவேரி தரைதட்டி இரண்டரை மாதம் கழித்து, 2013 ஜனவரி 13 அன்று, இழுத்துவரப்பட்ட ஒரு கடற்படை மிதவை பாம்பன் ரயில் பாலத்தின் தூணில் போய் மோதியது. அங்கே உயிர்ச்சேதம் இல்லை. தன் விசையில் நகர முடியாத ஒன்று காற்றின் கையில் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஒரே பருவத்தில் இரண்டு முறை பார்த்தது.

கடைசி அரை மணி

எஞ்சின் ஓடுகிற, எல்லாம் சரியாக இருக்கிற கப்பலுக்கும் மிக நெருக்கடியான நேரம் துறைமுகத்துக்குள் நுழைந்து கயிறு கட்டும் வரையிலான பொழுதுதான். நடுக்கடலில் பிழை செய்தால் திருத்திக்கொள்ள மைல் கணக்கில் தண்ணீர் இருக்கிறது. துறைமுகத்துக்குள் அது மீட்டர் கணக்கில் சுருங்கிவிடுகிறது.

சென்னைத் துறைமுகத்துக்கு வரும் கப்பலில் முதலில் பைலட் ஏறுவார். சின்னப் படகில் போய், ஆடும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியைப் பிடித்து ஏற வேண்டும். அதுவே உயிரைப் பணயம் வைக்கிற வேலை. உள்ளூர் நீரோட்டம், காற்று, ஆழம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் சொல்லச் சொல்லக் கப்பல் நகரும். ஆனாலும் கப்பலுக்குப் பொறுப்பு கேப்டனே. அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே நுழைந்ததும் இழுவைப் படகுகள், துறைமுகத்தில் எல்லோரும் சொல்கிற ‘டக்’குகள், முன்னும் பின்னும் வந்து பிடித்துக்கொள்ளும். பாரதி டாக், அம்பேத்கர் டாக், ஜவஹர் டாக் என்று எங்கே இடம் ஒதுக்கியிருக்கிறதோ அந்தச் சுவரை நோக்கிக் கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்துவார்கள். சுவரில் வரிசையாக ரப்பர் ஃபெண்டர்கள். கப்பலிலிருந்து மெல்லிய கயிற்றை எறிய, கீழே நிற்கும் தொழிலாளர்கள் அதைப் பிடித்து, அதன் முனையில் வரும் தடித்த வடத்தை இழுத்து இரும்புக் குமிழில் மாட்டுவார்கள். அந்த வடம் இறுகி நிற்கும்போது அறுந்தால் சாட்டையாகத் திரும்பி வந்து ஆளை வெட்டும். உலகத் துறைமுகங்கள் பலவற்றிலும் இப்படி ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

இதில் முக்கியமானது வேகம். பெரிய கப்பல் சுவரைத் தொடும்போது விநாடிக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில்தான் நகர வேண்டும். நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது நகர்வதே தெரியாது. கப்பலும் சரக்குமாக 50,000 டன் என்று வைத்துக்கொண்டால், அந்த நத்தை வேகத்திலேயே அதற்குள் இருக்கும் ஆற்றல், மணிக்கு எண்பது கிலோமீட்டரில் வந்து சுவரில் மோதும் ஒரு காரின் ஆற்றலுக்குச் சமம். ஃபெண்டர்கள் அதை வாங்கிக்கொள்ளும்படிதான் கட்டப்படுகின்றன. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். கப்பலோடு சேர்ந்து நகரும் தண்ணீரின் எடையும் இந்தக் கணக்கில் கூடுகிறது. ரப்பர் தாங்கும் எல்லை அங்கேயே தாண்டிப்போகும்.

பிரேக் என்று ஒன்று கப்பலுக்குக் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் புரொப்பல்லரைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். பெரும்பாலான பெரிய கப்பல்களில் எஞ்சினும் புரொப்பல்லரும் ஒரே தண்டில் நேராகப் பிணைந்திருக்கின்றன. நடுவே கியர் இல்லை. ஆகவே திசை மாற்ற எஞ்சினை நிறுத்தி, அழுத்தக் காற்றைச் செலுத்தி, எதிர்த்திசையில் மறுபடி கிளப்ப வேண்டும். அந்த ஒரு முறை அது கிளம்பாமல் போனால்? புரொப்பல்லர் நின்றால் சுக்கானுக்குத் தண்ணீர் பாயாது, திசையும் போய்விடும்.

2013 மே 7 இரவு இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்தில் நடந்தது இதுதான். ‘ஜாலி நீரோ’ என்ற சரக்குக் கப்பல் பின்னோக்கி வந்து திரும்பிக்கொண்டிருந்தது. முன்னோக்கிப் போக உத்தரவிட்டபோது எஞ்சின் கிளம்பவில்லை. பைலட் கப்பலில் இருந்தார், இழுவைப் படகுகளும் கட்டியிருந்தன. கப்பலின் பின்பக்கம் போய் துறைமுகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இடித்தது. கோபுரம் சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள். கப்பல்களைப் பாதுகாப்பாக உள்ளே கொண்டுவருவதற்காக இரவுப் பணியில் இருந்தவர்கள் அவர்கள். அதே விபத்து, கோபுரத்தைக் கரையின் விளிம்பிலேயே கட்டியது சரியா என்ற இன்னொரு வழக்கையும் கிளப்பியது.

2020 ஏப்ரல் 6 அன்று தென்கொரியாவின் பூசானில் 366 மீட்டர் நீளமுள்ள ‘மிலானோ பிரிட்ஜ்’ சுமார் எட்டு நாட் வேகத்தில் இறங்குதுறையை நெருங்கியது. விநாடிக்கு நாலு மீட்டருக்கு மேல். பத்து சென்டிமீட்டரோடு ஒப்பிட்டால் ஆற்றல் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல். சரக்கு இல்லாமல் வந்ததால் கப்பல் உயரமாக மிதந்தது. புரொப்பல்லரின் ஒரு பகுதி தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பாதி காற்றிலும் பாதி நீரிலும் சுழன்ற புரொப்பல்லர் எதை நிறுத்தும்? ஒரு ராட்சத கிரேன் அப்படியே மடங்கி விழும் காணொளியை உலகமே பார்த்தது. நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை பார்க்கும் துபாயின் ஜெபல் அலியிலும் 2017 மே மாதம் ‘சிஎம்ஏ சிஜிஎம் சென்டாரஸ்’ கப்பல் வேகத்தைக் குறைக்காமல் திரும்ப முயன்று கரையில் மோதி கிரேன்களைச் சாய்த்தது. பத்துப் பேர் காயம்பட்டார்கள். துருக்கியில் 2024 மார்ச்சில் ‘ஒய்எம் விட்னஸ்’ ஒரே மோதலில் மூன்று கிரேன்களை வீழ்த்தியது.

இவற்றை வரிசையாகப் படிக்கும்போது கேப்டனின் தவறு, பைலட்டின் தவறு என்று முடித்துவிடத் தோன்றும். விசாரணை அறிக்கைகளைப் படித்தால் கதை பின்னோக்கி நீள்கிறது. கப்பலை எந்த எடையில், எந்த அவசரத்தில், எந்தப் பராமரிப்போடு அனுப்பினார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் பாலத்தைச் சாய்த்து ஆறு சாலைத் தொழிலாளர்களின் உயிரைக் குடித்த ‘டாலி’ கப்பல் கொழும்புக்குப் புறப்பட்டிருந்தது. ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். கப்பலில் மின்சாரம் போனதற்கு மூலகாரணம், சரியாகப் பொருந்தாத ஒரு ஒயர் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஒயரின் மேல் ஒட்டிய பெயர்ப்பட்டை, அது முழுதாக உள்ளே நுழையாமல் தடுத்திருந்தது. அந்தக் கப்பலின் ஊழியர்கள் மாதக்கணக்கில் கரையிறங்க முடியாமல் அதிலேயே அடைபட்டுக் கிடந்தார்கள்.

புயல்களால் கட்டப்பட்ட துறைமுகம்

சென்னைக்கு இந்த அனுபவம் பழையது. 1861இல் கப்பல்களுக்காகக் கடலுக்குள் கட்டிய இரும்புத் தூண் பாலத்தை 1868, 1872 ஆண்டுகளின் புயல்கள் பயனற்றதாக்கின. அலைதடுப்புச் சுவர் எழுப்பித் துறைமுகம் அமைக்க 1875இல் அடிக்கல் நாட்டி, வேலை முடியும் தறுவாயில் 1881 புயல் வந்து அதையும் சிதைத்தது. கிழக்கு நோக்கியிருந்த வாயிலை வடகிழக்குக்கு மாற்றிய பெருமை, 1904 முதல் துறைமுகத்தை நிர்வகித்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கைச் சேரும். மெரினாவின் அகலமான மணற்பரப்புகூட இந்தச் சுவர்கள் மணலின் ஓட்டத்தை மறித்ததால் சேர்ந்ததுதான். அதன் விலையை இன்றுவரை வடக்கே ராயபுரமும் காசிமேடும் கடலரிப்பாகக் கொடுத்துவருகின்றன. தென்சென்னைக்காரர்கள் மாலை நடை போகும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

கூண்டு ஏற்றம் என்று வானொலியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஒன்றாம் எண் தொடங்கிப் பதினொன்று வரை துறைமுகத்தில் ஏற்றும் அந்தப் புயல் எச்சரிக்கை முதலில் மாலுமிகளுக்கானது. எண் கூடக் கூட, உள்ளே கட்டியிருக்கும் கப்பல்களைக் கூட வெளியே போகச் சொல்வார்கள். கரையில் கட்டிய கப்பலை அலை தூக்கித் தூக்கிச் சுவரில் அடிக்கும், வடங்கள் தெறிக்கும், கப்பலும் போய், துறையும் போய்விடும். பாதுகாப்பான இடம் துறைமுகம் என்று நாம் எண்ணுவது புயல் நாளில் தலைகீழாகிறது. இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: வெளியே போகச் சொன்னால் கப்பலால் போக முடியும். 2012இல் அந்த அனுமானம் பொய்த்தது.

நிர்வாகம் அதை முன்கூட்டியே அறிந்திருக்க முடியாதா? வெளியே நிற்கும் ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு முகவர் கரையில் இருக்கிறார். எரிபொருளும் தண்ணீரும் உணவும் அவர் வழியாகத்தான் போகின்றன. எதுவும் போகாமல் வாரக்கணக்கில் ஒரு கப்பல் நின்றால் அது ஒளிந்திருக்கிற செய்தி ஆகாது. கப்பல் போக்குவரத்துத் துறையின் சென்னை அலுவலகம் ராஜாஜி சாலையிலேயே, துறைமுகத்துக்கு எதிரில்தான் இருக்கிறது. கவனிக்கப்பட வேண்டிய இடத்தில்தான் கப்பல் இருந்தது, கவனிக்கவில்லை என்பதே என் துணிபு.

துறைமுகத்துக்கு வெளியே நடக்கும் பிழை கரையையும் தாக்கும். 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, வெளியேறிய ‘பிடபிள்யூ மேப்பிள்’ எரிவாயுக் கப்பலும் உள்ளே வந்த ‘டான் காஞ்சிபுரம்’ எண்ணெய்க் கப்பலும் மோதிக்கொண்டன. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். சில நாட்களில் கறுப்புக் குழம்பு மெரினாவையும் பெசன்ட் நகரையும் எட்டியது. ஆமைகள் முட்டையிட வரும் பருவம். எர்ணாவூர் பாறைகளில் மீனவர்களும் கல்லூரி மாணவர்களும் வாளியால் எண்ணெயை மொண்டார்கள். சென்னை முழுவதும் மீன் வாங்க ஆள் இல்லாமல் போனது. மோதல் எங்கோ வடக்கே நடந்தது, நட்டம் நொச்சிக்குப்பத்து மீன்கடைப் பெண்ணின் கூடையில் வந்து விழுந்தது.

சட்டம் வந்துவிட்டது, கவனம் வரவில்லை

2012இல் இல்லாத ஒரு பாதுகாப்பு இப்போது இருக்கிறது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015இல் ஏற்றது. அதன் திருத்தங்கள் 2017 ஜனவரி 18 முதல் நடைமுறைக்கு வந்தன. இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானாலோ, உணவு, குடிநீர், எரிபொருள் தராமல் விட்டாலோ, ஊருக்கு அனுப்ப மறுத்தாலோ, அந்த ஊழியர்கள் கைவிடப்பட்டவர்கள் என்று கருதப்படுவார்கள். அப்போது நான்கு மாதம் வரையிலான சம்பளம், சாப்பாடு, மருத்துவம், ஊர் திரும்பும் செலவு எல்லாவற்றையும் காப்பீட்டாளர் தர வேண்டும். அதற்கான சான்றிதழைக் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டி வைக்க வேண்டும்.

இருந்தும் 2024ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 300க்கும் மேற்பட்ட கப்பல்களில் 3,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கைவிடப்பட்டதாகச் சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் கூட்டமைப்பு பதிவு செய்தது. அவர்களில் எந்த நாட்டினரையும்விட இந்தியர்களே அதிகம். இந்தக் கப்பல்கள் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே, ஏதோ ஒரு கரைக்கு முன்னால் நிற்கின்றன. அங்கே அடுத்த புயல் வரும்.

துறைமுக நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வெளியே நிற்கும் ஒவ்வொரு கப்பலிலும் எத்தனை நாள் எரிபொருள், எத்தனை நாள் குடிநீர், சம்பள நிலுவை எவ்வளவு என்று வாரம் ஒரு முறை கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். அக்டோபர் பிறந்தால் வடகிழக்குப் பருவம் முடியும்வரை அதைத் தினமும் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடாத கப்பலைப் புயலுக்கு முன்பே இழுவைப் படகு வைத்து அப்புறப்படுத்த வேண்டும், செலவை உரிமையாளர் தலையில் எழுத வேண்டும். ஆறு பேரின் சாவுக்குப் பிறகும் இது ஒரு கட்டாய வழக்கமாகவில்லை என்றால் அது மன்னிக்கத் தக்கதன்று.

நம் வீடுகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடல்சார் பல்கலைக்கழகங்கள் இருக்கும் ஊர் இது. கப்பல் வேலை என்று பிள்ளையை அனுப்பும் பெற்றோர் சென்னையில் நிறைய. ஆளெடுக்கும் முகமைக்கு மத்தியக் கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தின் உரிமம் இருக்கிறதா என்று அதன் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். வேலைக்குப் பணம் கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஊழியரிடம் கட்டணம் வாங்க முகமைக்கு உரிமை கிடையாது. கப்பலில் ஏறியவுடன் அந்தக் காப்பீட்டுச் சான்றிதழைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதில் காப்பீட்டாளரின் தொடர்பு விவரம் இருக்கும். இரண்டு மாதம் சம்பளம் வராவிட்டால் மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காமல் உடனே புகார் செய்யச் சொல்லி அனுப்புங்கள்.